கால்ஷீட்டும் கருத்துநிலையும்: தொலைக்காட்சித் தொடர் எழுத்து குறித்துச் சில குறிப்புகள்

1

புத்தக வெளியீட்டுக் கூட்டம் ஒன்றில் நடந்தது இது. பத்துப் பன்னிரண்டு நல்ல சிறுகதைகள் எழுதிய நண்பர் ஒருவரைப் பல வருடம் கழித்துப் பார்த்த இன்னொருவர், 'இப்ப என்ன எழுதிட்டிருக்கீங்க?' என்று கேட்டார். 'சீரியலுக்கு வசனம்' என்றார் நண்பர். கேட்டவர் 'ஓ' என்றார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. 'சினிமாவுக்கு' என்று சொல்லியிருந்தால் எந்தப் படம், யார் டைரக்டர் என்று கேள்விகள் வந்து விழுந்திருக்கும். தொலைக்காட்சித் தொடர் பற்றி நமது சிறுபத்திரிகைச் சூழல் இதுவரை உற்பத்தி செய்திருக்கிற விமர்சனத்தின் சாரம் அந்த 'ஓ'தான் என்று எனக்குப் படுகிறது.

அதற்கு மேல் எழுதப்பட்டவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, ரசனை சார்ந்த முகச்சுளிப்பு: அழுகை, மிகை, இழுவை. மற்றொன்று, முற்போக்கு முகாமிலிருந்து வருகிற கண்டனம்: பெண்களை இழிவுபடுத்துகிறது, மூடநம்பிக்கையை வளர்க்கிறது, குடும்ப அமைப்பைப் புனிதப்படுத்துகிறது. இரண்டாவது சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஓர் அனுமானம் இருக்கிறது. தொடரின் கருத்துநிலை யாரோ ஒருவருடைய மண்டைக்குள்ளிருந்து வருகிறது என்பது அது. எழுதுபவர் சோரம் போனவர், சேனல்காரர் பேராசைக்காரர், பார்ப்பவள் ஏமாளி. வில்லன், வில்லனுக்கு உடந்தை, அப்பாவி. சீரியலை விமர்சிக்கக் கிளம்பிய நாம் ஒரு சீரியல் கதையைத்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

வால்டர் பெஞ்சமின் 1934இல், எழுத்தாளனை ஓர் உற்பத்தியாளனாகப் பார்க்கும் தன்னுடைய உரையில் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அந்த உறவுகளுக்குள் அது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள் என்றார். இந்தக் கேள்வியைத் தமிழ்த் தொடருக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இக்குறிப்புகளின் நோக்கம். என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீரியலின் கருத்துநிலை, அதை எழுதுகிற வேலை ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும் விதத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. எழுதுகிறவரின் மண்டையைத் திறந்து பார்த்தால் கிடைக்காது.

2

ஏழெட்டு மாதம் ஒரு தொடரில் வசனப் பிரிவில் உதவியாளாக இருந்திருக்கிறேன். எந்தத் தொடர், எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அதனால்தான் பின்வருவதைச் சொல்ல முடிகிறது.

அரைமணி நேர இடத்தில் விளம்பரம் போகக் கிடைப்பது இருபது, இருபத்திரண்டு நிமிடம். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பெயர் போட்டாலும், நடைமுறையில் அன்றன்று காலை படப்பிடிப்பு மேலாளர் தருகிற பட்டியல்தான் முதல் பிரதி. மாமியாராக நடிப்பவர் மத்தியானம் இரண்டு மணி வரைதான் இருப்பார். மூத்த மருமகளுக்கு வேறொரு தொடரில் கால்ஷீட். கதாநாயகன் வியாழக்கிழமைதான் வருவான். ஆகவே கதாநாயகன் 'பிசினஸ் விஷயமாகக் கோயம்புத்தூர்' போகிறான். மூத்த மருமகள் மாடியில் தலைவலியோடு படுத்திருக்கிறாள். மீதி இருப்பவர்கள் ஹாலில் நின்று, இல்லாதவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். சீரியலில் எல்லோரும் ஏன் எப்போதும் புறம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. அன்றைக்கு யார் வரவில்லையோ அவரைப் பற்றித்தான் பேச முடியும்.

அந்த ஹாலையும் கவனிக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த பங்களா. ஒரு நாளைக்கு எத்தனை காட்சி எடுக்கிறோம் என்பதில்தான் வரவு செலவு நிற்கிறது. தெருவில் எடுக்க அனுமதி வேண்டும், கூட்டம் வேண்டும், சத்தம் வரும், வெளிச்சம் மாறும். ஆகவே அலுவலகம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி வரிசை, சங்கம், போலீஸ் ஸ்டேஷனின் வெளித் திண்ணை எல்லாமே ஒவ்வொன்றாகக் கதையிலிருந்து கழன்றுவிடுகின்றன. வேலை போனது, கடன் வந்தது, நிலம் பறிபோனது என எந்தச் சமூக நிகழ்வும் ஹாலுக்குள் ஒரு தகவலாகத்தான் நுழைய முடியும். நுழைந்தவுடன் அது குடும்பச் சண்டையாக உருமாறிவிடும். 'குடும்பத்தை மையப்படுத்தும் கருத்துநிலை' என்று நாம் கட்டுரைகளில் எழுதுவது, அங்கே ஒரு வாடகை ரசீதாக இருக்கிறது.

வில்லன் விஷயமும் இப்படித்தான். கந்துவட்டி என்பது ஓர் அமைப்பு. சொத்துரிமையில் பெண்ணுக்கு இடமில்லாமல் செய்வது ஓர் அமைப்பு. ஆனால் அமைப்புக்குக் கால்ஷீட் கிடையாது. சித்தப்பாவுக்கு உண்டு. ஆகவே அமைப்பு செய்கிற எல்லாவற்றையும் ஒரு சித்தப்பா செய்கிறார், அல்லது ஒரு நாத்தனார் செய்கிறாள். அவள் திருந்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். திருந்தாமல் இருக்கும்வரை தொடர் ஓடும்.

ஒரு முறை வேலைக்காரப் பெண் ஒருத்தி இரண்டு மாதச் சம்பளப் பாக்கியைக் கேட்பதாக அரைப்பக்கக் காட்சி எழுதினேன். பெரிதாக ஒன்றுமில்லை. பாத்திரம் துலக்கியபடியே கேட்கிறாள், வீட்டுக்காரம்மா காதில் விழாத மாதிரி போகிறாள், அவ்வளவுதான். காட்சி திரும்பி வந்தது. 'வேலைக்காரிக்கு டயலாக் வேணாம்' என்றார்கள். என்னுடைய அரசியலை மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காரணம் வேறு. அந்தப் பெண் தட்டு எடுத்துப் போனால் ஒரு கூலி, வாய் திறந்து பேசினால் வேறு கூலி. அரசியல் எதுவுமில்லை. கணக்கு. அந்தக் காட்சியை எழுதிய வாரத்தில் எனக்கும் இரண்டு மாதப் பணம் பாக்கி. அதை நானும் கேட்கவில்லை.

பேசினால் செலவு என்பதால் ஒரு வர்க்கமே ஊமையாக்கப்படுகிறது. இதைச் செய்வதற்கு யாரும் பிற்போக்காளராக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதுதான் பயங்கரம்.

3

அண்ணாவின் வசனத்தில் 1949இல் வந்த படத்துக்கு 'வேலைக்காரி' என்று பெயர். எழுபது சொச்சம் வருடத்தில் படத்துக்குப் பெயராக இருந்தவள், தட்டு எடுத்துப்போகும் நிழலாக ஆகியிருக்கிறாள். இந்தப் பயணத்தில் வசனம் எழுதுபவருக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

தமிழ்ச் சூழலில் வசனகர்த்தா என்பது சாதாரணப் பெயரில்லை. 'பராசக்தி' (1952) வசனம் புத்தகமாக விற்றது, ஊர் ஊராக மனப்பாடமாக ஒப்பிக்கப்பட்டது. வசனம் எழுதியவர்கள் இந்த மாநிலத்தின் முதல்வர்களானார்கள். அதே மு. கருணாநிதி, தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு, 2015இல் தொலைக்காட்சிக்காக 'ராமானுஜர்' தொடரை எழுதினார். வசனம் ஒரு பொதுமேடைச் சொல்லாடலாக இருந்த மரபின் கடைசிக் கண்ணி என்று அதைச் சொல்லலாம். அவர் பெயருக்காக அத்தொடர் பார்க்கப்பட்டது. மற்றத் தொடர்களில் நிலைமை தலைகீழ். 'கோலங்கள்' (2003–2009) 1,500க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. பகுதிக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் 500 மணி நேரம். தமிழில் எந்த நாவலும் இவ்வளவு பேசியதில்லை. அதற்கும் 'மெட்டி ஒலி'க்கும் (2002–2005) வசனத்தில் பங்களித்த பாஸ்கர் சக்தி, நம் பத்திரிகைகளில் சிறுகதைகளுக்காகவும், 2011இல் படமான 'அழகர்சாமியின் குதிரை'க்காகவும் பேசப்படுகிறார். அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களை மட்டும் அவருடைய எழுத்தாக நாம் எண்ணியதே இல்லை.

எண்ண முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரதி இல்லை. பிரதி, பிரதி என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிய நம்மிடம், தமிழில் மிக அதிகம் பேரைச் சென்றடைந்த எழுத்தின் ஒரு பிரதிகூடக் கைவசம் இல்லை. ஸீன் பேப்பர் அன்று மாலையே டீ டம்ளருக்கு அடியில் போய்விடும். இப்போது அதுவும் இல்லை. விடிகாலையில் செல்போனில் அனுப்பப்பட்டு, படப்பிடிப்பு முடிந்ததும் அழிக்கப்படுகிறது.

அந்த எழுத்தில் கைத்திறன் இருக்கிறதா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது நாம் பழகிய இடத்தில் இல்லை. நடிகர்கள் பலர் வேற்று மொழிக்காரர்கள். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் வாயசைத்துப் பேசுகிறார்கள். பிறகு வேறொருவர் குரல் கொடுக்கிறார். ஆகவே வசனம் நான்கைந்து சொல்லில் முறிய வேண்டும். முறிந்த துண்டு ஒவ்வொன்றும் தனியாக அர்த்தம் தர வேண்டும். நீள வாக்கியம் எழுதத் தெரிந்த எம்.ஏ. தமிழ் அங்கே முதல் வாரமே தோற்றுப்போகும். அதைவிடக் கடினமானது தள்ளிப்போடுதல். இரண்டு பேர் ஏழு நிமிடம் பேச வேண்டும், பேச வேண்டிய விஷயத்தை மட்டும் பேசக்கூடாது. 'சாப்பிட்டியா', 'அவர் வந்தாரா', 'நேத்து போன் பண்ணினேனே' என்று சுற்றிச் சுற்றி வரவேண்டும். நம் வீடுகளில் பெண்கள் ஆபத்தான விஷயங்களைப் பேசுகிற முறையே அதுதான் என்பது, எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு தகப்பனும் ஐந்து பெண்களும் என்ற எளிய கதையை வைத்துக்கொண்டு 'மெட்டி ஒலி' ஜனங்களைப் பிடித்து வைத்ததற்கு இந்தக் காதுதான் காரணம். சீர், சம்பந்தி வீட்டு மரியாதை, போய்வருவதில் உள்ள அவமானம் இவற்றின் மொழியை அது அறிந்திருந்தது.

4

'எல்லாவற்றுக்கும் சந்தைதான் காரணம், அரசாங்கத் தொலைக்காட்சி இருந்த காலத்தில் இப்படியா இருந்தது?' என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது; சன் டிவி 1993 ஏப்ரல் 14இல். இடைப்பட்ட காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. இந்தியாவில் நெடுந்தொடர் வடிவத்தைக் கொண்டுவந்ததே அரசுதான். மெக்ஸிகோவில் மிகுவல் சபீதோ 1970களில் உருவாக்கிய 'போதனையோடு பொழுதுபோக்கு' மாதிரியைப் பார்த்துவிட்டு வந்த அமைச்சர் வசந்த் சாத்தேயின் ஆர்வத்தால், 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. எழுதியவர் இந்தி நாவலாசிரியர் மனோகர் ஷியாம் ஜோஷி. அரசுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பரவ வேண்டும், விளம்பரதாரருக்கு மேகி நூடுல்ஸ் பரவ வேண்டும். நடுவில் ஒரு எழுத்தாளர். முதல் சில வாரங்களில் உபதேசம் அதிகமாகி, ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஜோஷி உபதேசத்தைக் குறைத்துக் குடும்பத்தைக் கூட்டினார். நான்கு லட்சம் கடிதங்கள் வந்தன என்பார்கள்.

அதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. பகவந்தி என்கிற தாய்ப் பாத்திரம், எல்லாவற்றையும் சகித்துக்கொள்வதால் நேரும் அழிவைக் காட்டுவதற்காகப் படைக்கப்பட்டவள். ஒரு எச்சரிக்கை. ஆனால் பார்த்தவர்களில் கணிசமானோர் அவளையே முன்மாதிரிப் பெண்ணாக எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு நடந்த ஆய்வுகள் காட்டின. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அசோக் குமார் தோன்றிக் கருத்து சொல்லியும் இதுதான் நடந்தது. நாற்பது வருடம் கழித்து, தமிழில் 'எதிர்நீச்சல்' (2022–2024) நான்கு மருமகள்கள் ஓர் ஆணாதிக்கக் குடும்பத் தலைவனை எதிர்ப்பதைக் கதையாக எடுத்துக்கொண்டது. ஜனங்கள் கொண்டாடியது அந்தக் குடும்பத் தலைவனை. 2023இல் மறைந்த மாரிமுத்துவின் நடிப்பு அபாரமானது என்பது ஒரு பக்கம். அதை மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. அதிகாரத்தின் பேச்சு எப்போதும் நன்றாக எழுதப்படுகிறது. எதிர்ப்பின் பேச்சு பொதுவாக அழுகையாகவோ சொற்பொழிவாகவோ எழுதப்படுகிறது. நான்கு பெண்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வசனத்தைவிட ஓர் ஆணுக்கு எழுதும் வசனம் கூர்மையாக வருவது, நம் வசன மரபே ஒற்றைக் குரலின் மேடைப்பேச்சிலிருந்து வந்தது என்பதால்தான் என்று நினைக்கிறேன். இது வடிவத்தின் பிரச்சினை. நல்லெண்ணத்தால் தீராது.

கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். பல இரவுகள் நீளும் பாரதக்கூத்தில் கதையை நிறுத்தி, ராஜாவையே கிண்டல் செய்துவிட்டுப் போவான். 'மகாபாரத்' (1988–1990) தொடரை எழுதிய ராஹி மாசூம் ரஸா காலத்தையே கதைசொல்லியாக்கினார். உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் கிராம வாழ்வை 'ஆதா காவ்' நாவலில் எழுதிய மனிதர் அந்த இதிகாசத்துக்கு வசனம் எழுதினார் என்பதே, அந்த வருடங்களின் அரசியலுக்கு ஒரு பதிலாக இருந்தது. இன்றைய நெடுந்தொடரில் இந்த இடையீட்டுக் குரல் எதுவும் இல்லை. அந்த இடத்தில் மூன்று முறை முகத்தை நெருங்கும் கேமராவும் ஒரு இடிச்சத்தமும் இருக்கின்றன.

5

என் வாதத்துக்கு எதிராக இரண்டு விஷயங்களை நானே சொல்லியாக வேண்டும்.

ஒன்று, இது பழைய 'அடித்தளம் – மேற்கட்டுமானம்' வாய்ப்பாடாகச் சுருங்கிவிடாதா? கால்ஷீட்டே எல்லாவற்றையும் தீர்மானித்தால் எல்லாத் தொடரும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அப்படி இல்லை. 2019இல் லீனா கங்கோபாத்யாய் வங்காளியில் உருவாக்கிய 'ஸ்ரீமோயி', வீட்டு வேலையே வாழ்க்கையாகிப்போன நடுவயதுப் பெண்ணை எடுத்துக்கொண்டது. 2020இல் அதுவே தமிழில் 'பாக்கியலட்சுமி'யானது, இந்தியில் 'அனுபமா' ஆனது. அதே ஹால், அதே நெருக்கடி. ஆனால் சமையலறை உழைப்புக்கு விலை உண்டு என்கிற பேச்சு அந்த ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டது. இடுக்குகள் இருக்கின்றன. அந்த இடுக்கில் நுழைவதைத்தான் திறமை என்கிறேன்.

இரண்டாவது, கால்ஷீட்டால் விளக்க முடியாத ஒன்று இருக்கிறது: சாதி. எல்லாத் தொடரிலும் கல்யாணம்தான் பிரச்சினை. நம் சமூகத்தில் கல்யாணத்தைத் தீர்மானிப்பது சாதி. ஆனால் தொடரில் கல்யாணம் நிற்பதற்கு ஜாதகம் காரணம், அந்தஸ்து காரணம், பழைய குடும்பப் பகை காரணம், சாதி மட்டும் இல்லை. சாதிப் பெயரைச் சொல்ல எந்தக் கூடுதல் செலவும் ஆகாது. நான் உட்கார்ந்த கதை விவாதங்களில் இதற்குச் சொல்லப்பட்ட பதில் ஒன்றுதான்: 'யாரையும் புண்படுத்த வேணாம்.' யார் புண்படுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாருடைய புண் கணக்கிலேயே வரவில்லை என்பதும் தெரிந்திருந்தது. இங்கே எழுதுகிறவர் தப்பித்துக்கொள்ள முடியாது. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

6

தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' (1982) தொடங்கி, ஆசிரியனின் மரணத்தை நாம் எவ்வளவு உற்சாகமாகக் கொண்டாடினோம்! பார்த் சொன்ன மரணம் வாசகனின் பிறப்புக்கானது. இங்கே நடந்தது வேறு. வியாழக்கிழமைகளில் வருகிற ரேட்டிங் எண்தான் வாசகன், ஆசிரியன் பெயரில்லாத தினக்கூலி. ஓர் எழுத்துக்கு ஆசிரியன் பெயர் ஒட்டிக்கொண்டதே, அந்த எழுத்துக்காக ஒருவனைத் தண்டிக்க வேண்டி வந்தபோதுதான் என்று பூக்கோ 1969இல் சொன்னார். சீரியலில் இதை அப்படியே பார்க்கலாம். தொடர் ஓடும்வரை எழுதியவர் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ரேட்டிங் இறங்கிய வாரம் முதலில் ஞாபகம் வருவது அந்தப் பெயர்தான்.

2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றன. மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் 'ராமாயண்', 'மகாபாரத்' இரண்டையும் மறு ஒளிபரப்பு செய்தது. தனியார் சேனல்களும் பழைய தொடர்களைத் தூசி தட்டி எடுத்தன. எழுதப்பட்டது மறுபடியும் விற்கப்பட்டது. எழுதியவர்கள், வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்பதிவில் இடம்பெறும் எழுத்துக்கு, திரையரங்குக்கு வெளியே நடக்கும் பயன்பாட்டில் எழுதியவருக்கு உரிமைத்தொகை உண்டு என்கிறது. அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றும் சொல்கிறது. பிரிவு 57, எழுத்தைச் சிதைப்பதற்கு எதிரான உரிமையைத் தருகிறது. 'ஆப் கா பண்ட்டி' நாவல் படமானபோது மன்னு பண்டாரி அந்தப் பிரிவை வைத்து வழக்குப் போட்டு, தில்லி உயர்நீதிமன்றம் 1986இல் அதன் வீச்சை உறுதிசெய்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தமே கையெழுத்தாகாத இடத்தில் எந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் நீட்டுவது? நான் இருந்த ஏழெட்டு மாதத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட என் கையெழுத்து வாங்கப்படவில்லை. ஒளிபரப்பானால் பணம், காட்சி வெட்டப்பட்டால் இல்லை.

2023இல் அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஒளிபரப்புக்கான பங்கு, எழுத்தறையில் குறைந்தபட்ச ஆட்கள், இயந்திரம் எழுதுவதற்குக் கட்டுப்பாடு ஆகியவை கோரிக்கைகள். பெரும்பகுதி கிடைத்தது. அவர்கள் தரமான இலக்கியம் எழுதுகிறார்களா என்று யாரும் முதலில் சான்றிதழ் கேட்கவில்லை. நெசவாளியின் கூலிப் போராட்டத்தை ஆதரிக்க, அவர் நெய்த சேலையின் டிசைன் நமக்குப் பிடித்திருக்க வேண்டுமா என்ன?

ஆகவே நமக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகத்தான் செய்ய வேண்டும். தொடர்களின் வசனத்தை எழுத்தாகப் பாவித்து, எழுதியவர் பெயரைச் சொல்லி, காட்சி காட்சியாக விமர்சனம் எழுத வேண்டும். சாதி விஷயத்தில் அவர் மௌனம் காத்தால் அந்த மௌனத்தையும் பெயரோடு எழுத வேண்டும். அதே சமயம், அவருடைய உழைப்பை உழைப்பாக அங்கீகரித்து, ஒப்பந்தத்துக்கும் உரிமைத்தொகைக்குமான கோரிக்கையில் கூட நிற்க வேண்டும். உரிமை இல்லாத எழுத்தாளரிடம் பொறுப்பை எதிர்பார்ப்பதும், பொறுப்பைக் கேட்காமல் உரிமைக்கு மட்டும் கொடி பிடிப்பதும் பாதி வேலைதான். வேலைக்காரிக்கு ஒரு வரி வசனம் வேண்டும் என்று சண்டை போடுகிற எழுத்தாளர், தன் சம்பளத்தைக் கேட்கத் தெரிந்தவராக இருந்தால்தான் அந்தச் சண்டையில் நிற்க முடியும். எனக்கு நிற்க முடியவில்லை என்பதால் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் யாராவது 'சீரியலுக்கு எழுதுறேன்' என்று சொன்னால், அந்த 'ஓ'வைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்வோம். கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது: 'ஒப்பந்தம் போட்டிருக்காங்களா?'